பூரணியின் இரண்டாவது பித்தப்பை

1

பூரணி பஸ்ஸின் தகரத்தை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே ஓடினாள். மற்றக் கை வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. நுவரெலியா பஸ் ராகலை ஸ்டாண்டிலிருந்து மூக்கை வெளியே நீட்டிவிட்டது. "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க." படியில் தொங்கிய கண்டக்டர், "நகின்ன, நகின்ன," என்று ஏறச் சொல்லிக் கையை ஆட்டினான். பஸ் மட்டும் நிற்கவில்லை. கம்பி கைக்கு அகப்பட்டது. படி காலுக்கு அகப்படவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன்

இல்லை. வேனை வரியிலிருந்து நீக்கிவிட்டேன்.

இந்தக் கதையில் வேன் கிடையாது. துரத்துகிற ஆளும் கிடையாது. உண்மையில் பூரணி ஓடவும் இல்லை. பித்தப்பையில் கல் இருப்பவர்கள் வலி வந்தால் ஓட மாட்டார்கள். கிடைத்த இடத்தில் குந்திவிடுவார்கள். அவள் என் கடை வாசலில், அரிசி மூட்டை மாதிரி மடிந்து உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது.

வாரப் பத்திரிகைத் தொடர் எழுதிப் பழகிய கை இது. ஆள் உட்கார்ந்தால் கையும் உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் ஓட வைத்தேன். இனி ஓட வைக்க மாட்டேன். முயற்சி செய்கிறேன்.

2

கதை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ராகலை பஜாரில் எனக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி, போன் ரீலோட், பாஸ்போர்ட் படம், ஃபோரம் நிரப்பிக் கொடுப்பது. மிச்ச நேரத்தில் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குத் திகில் தொடர். ஒவ்வொரு கிழமையும் கடைசி வரியில் யாரையாவது ஒரு மூடிய கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போவேன். அடுத்த இதழ் வரும்வரை அவர்கள் அங்கேயே நிற்பார்கள். அதற்காக நான் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை.

[கதவுச் சத்தம். இல்லை, வேறு யாரோ.]

பூரணி தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் கொழுந்தெடுப்பவள். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். புருஷன் இல்லை. மகன் சுமன் கொழும்பில் கடை வேலை. மகள் நிஷாந்தி கட்டுநாயக்கவில் ஒரு கார்மெண்ட்ஸில். பெயர்களைப் பற்றிப் பிறகு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நிஷாந்தியின் கம்பெனி இன்சூரன்ஸில் அம்மாவையும் சேர்த்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்த டொக்டர், பித்தப்பையின் வாயில் கல் அடைத்து நிற்கிறது, சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். கண்டியில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் நாள் குறித்து, இன்சூரன்ஸுக்கும் எழுதிப் போட்டார்கள். அதற்கு வந்த பதிலைத்தான் நிஷாந்தி போனில் அனுப்பியிருந்தாள். பிரிண்ட் எடுத்து வாசித்துக் காட்டச் சொல்லித்தான் பூரணி என் கடைக்கு வந்தது.

"என்னாக்கா போட்டிருக்கு?"

வாசித்தேன். இன்னொரு தடவை வாசித்தேன். பித்தப்பையை அகற்றும் செலவை ஏற்க முடியாது. காரணம், எங்கள் பதிவுகளின்படி அந்த உறுப்பு போன வருஷம் மாசி மாதமே அகற்றப்பட்டுவிட்டது. பணமும் கொடுத்தாகிவிட்டது. எங்கே? நம்ம டொக்டர் கஜேந்திரனின் மெடிக்கல் சென்டரில்.

பூரணி சேலைக்கு மேலாக விலாவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப உள்ள இருக்கிறது யாருதுக்கா?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பில்லின் கொப்பியும் கூடவே இருந்தது. தியேட்டர், மயக்க மருந்து, தங்கிய அறை, சாப்பாடு என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். கோழி சூப் என்ற இடத்தில் அவள் சிரிப்பு நின்றது.

"மாசியிலயா? காமன் கூத்து வெரதத்துல கோழி சூப்பா? சாமி குத்தமாயிரும்க்கா."

செய்யாத ஒப்பரேஷனைவிடக் குடிக்காத சூப் அவளை அதிகம் பயப்படுத்தியது. அந்த இடத்தில்தான் இவளை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

3

வில்லனை உருவாக்கிய விதம்.

முதல் வரைவு: டொக்டர் கஜேந்திரன் தங்க ஃப்ரேம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய புன்னகையில்

இரண்டாம் வரைவு: ஏசி அறையின் குளிரில், கறுப்புத் தோல் நாற்காலியில், கஜேந்திரன்

ராகலைக் குளிரில் யார் ஏசி போடுவார்கள்? இரண்டையும் விட்டுவிட்டேன். நான் பார்த்திருக்கிற கஜேந்திரன் முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டர் போடுகிறவர். மண்சரிவு வந்தபோது பாடசாலை மண்டபத்தில் படுத்திருந்த சனத்துக்கெல்லாம் சும்மா மருந்து கொடுத்தவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டால் தோட்டத்து லயக் குடியிருப்பு வரைக்கும் சேற்றில் நடந்து வருவார். எங்கள் ஆட்கள் அவரிடம் பில் கேட்க மாட்டார்கள். கேட்டால் அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமாம்.

முதல் வரைவைப் பூரணிக்கு வாசித்துக் காட்டியதும், "இது யாரு?" என்றாள்.

"டொக்டர்தான்."

"அவர இப்புடி எழுதாதீங்க. நல்ல மனுஷன்க்கா அவரு. அதான் கோளாறே."

வில்லன் நல்லவனாக இருந்தால் தொடரை எப்படி ஓட்டுவது? பத்திரிகையில் கேட்டால் ஆளை மாற்றச் சொல்வார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், கெட்டவன் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவையாவது வாசிக்கக் கொடுப்போம். நல்லவனிடம் அதுகூட இல்லை.

[போனில் சார்ஜ் குறைகிறது. வாக்கியங்களைச் சுருக்க வேண்டும்.]

4

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள். அந்த டொக்டர் பொய் பில் போட்டான், பொலிசுக்குப் போக வேண்டியதுதானே. இன்சூரன்ஸுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியதுதானே. நானும் அதைத்தான் கேட்டேன். கடிதத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கம்ப்யூட்டரையும் திறந்துவிட்டேன்.

பூரணி முந்தானை நுனியைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

"அன்னைக்கி நான் எங்க இருந்தேன்னு கேப்பாங்கல்ல?"

"கேட்பாங்க. சொல்லு."

"காமன் கூத்துப் பொட்டல்ல இருந்தேன்."

"அதைத்தான் சொல்லணும். ஊரே சாட்சி சொல்லும்."

"ஊரே சொல்லும்க்கா," என்றாள். "அதான்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மெடிக்கல் எடுப்பது எங்கள் பக்கத்தில் பொய் அல்ல, ஓர் ஏற்பாடு. தோட்டத்தில் லீவு வேண்டுமென்றால் டொக்டர் எழுதிய துண்டு வேண்டும். கல்யாணத்துக்கு முதுகுவலி. திருவிழாவுக்கு வாந்திபேதி. அம்மா வீட்டுக்குப் போக வைரஸ் காய்ச்சல். டொக்டருக்குத் தெரியும், ஒபிஸுக்குத் தெரியும், தொரைக்கும் தெரியும். துண்டில் இருப்பதை யாரும் நம்புவதில்லை. ஆனால் துண்டு இல்லாமல் யாரும் விடுவதுமில்லை.

போன வருஷம், மன்மதனைச் சிவன் எரிக்கிற காமன் கூத்தில், சுமனுக்கு ரதி வேஷம் விழுந்தது. மேல் டிவிஷனில் ரதி ஆடுவது சும்மா இல்லை. கம்பம் ஊன்றிய நாளிலிருந்து காமனை எரிக்கும்வரை வேஷக்காரனின் வீடே விரதம். தனிச் சமையல், தனி அடுப்பு, தாய் கூடவே இருக்க வேண்டும். கொழுந்து மும்முரமாக வருகிற நேரம். கூத்துக்கு என்று கேட்டால் ஒபிஸில் லீவு தர மாட்டார்கள். பூரணி கஜேந்திரனிடம் போனாள்.

அவர் சொன்னாராம்: "பதினஞ்சு நாளா? காய்ச்சல்னு எழுதுனா பத்தாது புள்ள. வெட்டித் தச்ச மாதிரி எழுதணும்."

இவள் சொன்னாளாம்: "எதையாச்சும் வெட்டுங்க சார். நாளக்கழிச்சு கம்பம்."

இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு அவர் மகளுடைய இன்சூரன்ஸ் கார்டைக் கேட்டார், பார்த்த ஃபீஸை அதில் எடுத்துக்கொள்ளலாம் என்று. நர்ஸ் பென்சிலால் பெருக்கல் அடையாளம் போட்ட இடங்களில் எல்லாம் பூரணி கையெழுத்து வைத்தாள். அடையாளங்கள் நிறைய இருந்தன. அவளுக்கு அவசரம்.

ஆக, பில்லின்படி அவள் மயக்கத்தில் கிடந்த நேரத்தில், பொட்டலில் மகன் ரதியாக ஆட, தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவில் நின்று குலவை போட்டுக்கொண்டிருந்தாள். வீடியோ இருக்கிறது. நானே பார்த்தேன். சுமன் சேலையில் சுழல்கிறான், பின்னால் இவள், வாய்க்குள் நாக்கு சுழல்கிறது. ஒப்பரேஷன் நடக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவள் பொய்த் துண்டு கொடுத்தாள் என்பதற்கும் வேண்டாம்.

"என் பேரு போனாப் போகுது," என்றாள். "நிஷாந்தி கார்டுக்கா அது. கள்ள பில்லுன்னா அவளத்தான கேப்பாங்க. புள்ள வேல போயிரும்."

கம்ப்யூட்டரை மூடிவிட்டேன்.

5

டொக்டரைப் பார்க்க நானும் கூடப் போனேன். இந்தப் பகுதியில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவைப்படவில்லை.

கடிதத்தை வாசித்த கஜேந்திரனின் முகம் வெளிறவில்லை. தொடரில் வெளிறியிருக்கும். அவர் மூக்கை உறிஞ்சினார். அவருக்குத் தடிமல்.

"ஸ்கேன காட்டுங்க பாப்போம்." வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லு மோசமான எடத்துல நிக்குது பூரணி. இத வச்சுக்கிட்டு மலையேறாதீங்க."

"அதுக்குத்தான் சார் கண்டிக்குப் போகப் பாத்தோம். நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு சொல்றாங்க."

"நீங்கதான புள்ள அன்னைக்கி கேட்டீங்க."

"லீவுதான் சார் கேட்டேன். பித்தப்பைய கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் லேசாக வந்த மாதிரி இருந்தது. பிறகு அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். இந்தக் கட்டடத்தின் லோன். மருந்து விலை ஏறிய நேரம். தோட்டத்துச் சனத்திடம் வாங்க மனசு வராததை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிக்கொண்டது. "அவனுங்களுக்கு இது ஒரு காசா?" இதையெல்லாம் அவர் முன்பே தனக்குத் தானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். வார்த்தைகள் தேய்ந்திருந்தன.

"எடுக்கலன்னு ஒரு லெட்டர் குடுங்க சார்," என்றேன் நான்.

"குடுத்தா என் லைசென்ஸ் போகும். அந்தப் புள்ள வேலையும் போகும். வேணுமா?"

பூரணி தலையசைத்தாள், வேண்டாமென்று.

"ஆளு ஒண்ணு, பை ஒண்ணு. ரெண்டாவது தடவ எப்புடி எழுதுறது? எழுத ஏலாது." ஸ்கேனை உறைக்குள் போட்டார். "எழுதாம செஞ்சிருவோம்."

எங்கள் இருவருக்கும் முதலில் விளங்கவில்லை.

கண்டியிலிருந்து ஒரு சர்ஜன் ஞாயிறுகளில் வருகிறாராம், மயக்கம் கொடுப்பவரும் கூடவே. இங்கேயே எடுத்துவிடலாம். சல்லிக்காசு வேண்டாம். அட்மிஷன் வேண்டாம். புத்தகத்தில் பெயர் எழுத வேண்டாம். பில் இல்லை. ஞாயிறு காலையில் சாப்பிடாமல் வரட்டும், அடுத்த நாள் வீட்டுக்குப் போகட்டும். கடன் தீர்க்கிற மாதிரி, நிஜமாகவே அன்போடு சொன்னார்.

"எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா சார்?" என்று பூரணி கேட்டாள்.

"என்னா ஆகப் போகுது."

அதைக் கேள்விக்குறி இல்லாமல் சொன்னார். நான் கவனித்தேன். குறிகளைக் கவனிப்பதுதானே என் தொழில்.

6

ஒரு மேசையில் பூரணி படுக்கப் போகிறாள். அவள் அங்கே வந்ததற்கு ஒரு எழுத்துக்கூட இருக்காது. அவள் வயிற்றைத் திறக்கப் போவது, திறக்காமலே திறந்ததாக எழுதிய ஆளின் இடத்தில். எனக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. வேறு முடிவுகள் எழுதினேன். கடையில் உட்கார வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.

முதலாவது முடிவு. பூரணி டொக்டர் பேசியதை போனில் பதிவு செய்கிறாள். ஞாயிறு காலை தியேட்டர் கதவைப் பொலிஸ் உதைத்துத் திறக்கிறது. சர்ஜனின் கையில் கத்தி

"அப்ப என் கல்ல யாரு எடுக்குறது?" என்றாள். அதை நான் யோசிக்கவில்லை.

இரண்டாவது முடிவு. நிஷாந்தி தானே கம்பெனிக்குப் போய் நடந்ததைச் சொல்கிறாள். மேலதிகாரி நல்லவர், அவள் கண்களைப் பார்த்து

"நீங்க கார்மெண்ட்ஸ்ல வேல செஞ்சிருக்கீங்களாக்கா?"

இல்லை என்றேன். "தெரியுது," என்றாள்.

மூன்றாவது முடிவு. அரசாங்க ஆஸ்பத்திரி. இதைத்தான் நான் நம்பியிருந்தேன். அங்கே யாரும் இன்சூரன்ஸ் கேட்க மாட்டார்கள். ஆனால் அவள் முன்பே போயிருந்தாள். வரிசை நீளம். தை கழிந்துதான் தேதி. காய்ச்சலோடு வலி வந்தால் உடனே வாருங்கள், அப்போதே எடுத்துவிடுவோம் என்றிருக்கிறார்கள்.

"அப்ப இருக்கலாமே. வலி வந்தா ஓடலாம்."

"போன தடவ வந்தப்ப கண்ணு மஞ்சளாயிருச்சு. மலையில நிக்கையில வந்தா என்னா செய்யிறது? எங்க டிவிஷன் ரோடு மழைக்கு இறங்குனது இன்னும் கட்டல. தூக்கிட்டுத்தான் வரணும்." கண்ணுக்குக் கீழே விரலை வைத்து இழுத்துக் காட்டினாள். "காலையில எந்திரிச்சா மொத வேல, கண்ணாடில கண்ணப் பாக்கிறதுக்கா. வெள்ளையா இருந்தாத்தான் கூடய மாட்டுறேன். ராவுல ஏப்பம் வந்தாலும் பயமா இருக்கு."

கண்டியில் கைக்காசு கொடுத்துச் செய்யலாமா என்று கேட்கவில்லை. அவள் காதில் தொங்குவது கவரிங் என்று எனக்குத் தெரியும்.

நான்காவதாக ஒன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மறுபடி ஸ்கேன் எடுக்கிறார்கள். உள்ளே பித்தப்பையே இல்லை. அன்றைக்குப் பொட்டலில் குலவை போட்டது யார்? வாரப் பத்திரிகைக்கு அருமையான இடம். பூரணி இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தி வயிற்றை மட்டும் பிடித்துக்கொண்டாள். நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில். நான் சுடுதண்ணீர்ப் போத்தலைத் தேடி எடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம போறேன்க்கா."

[கதவு திறந்தது. தரை துடைக்கிற பெண். வாளியோடு வந்தாள், வாளியோடு போனாள்.]

7

ஞாயிற்றுக்கிழமை வந்தது என்று எழுதினால் அது கடந்த காலம் ஆகிவிடும். அப்படி எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை இன்றைக்குத்தான்.

இதை நான் கடையில் உட்கார்ந்து எழுதவில்லை. மெடிக்கல் சென்டரின் மேல்மாடியில், தியேட்டருக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அங்கங்கே கேட்ட கதவுச் சத்தமெல்லாம் இந்தக் கதவுதான். எத்தனையோ பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்று சொன்னேன் இல்லையா? நிற்பது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சொன்னதைவிட நேரம் கூடப் போய்விட்டது. கஜேந்திரன் ஒரு தடவை வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார். ஏதோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். போனதைவிட வந்தது வேகம்.

காலையில் கீழே இருந்த நர்ஸ், எங்களைக் கண்டதும் புத்தகத்தை மூடி வைத்தாள். பெயர் கேட்கவில்லை. யார் துணை என்று கேட்கவில்லை. பூரணி கவரிங் தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தாள். போனையும் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"டொக்டர் எழுத மாட்டாரு. நீங்களாச்சும் எழுதுங்க."

"என்னத்த?"

"எல்லாத்தையும். நான் பொய் மெடிக்கல் எடுத்தது, சூப்பு, ரதி வேஷம், எல்லாத்தையும். நான் உள்ள போனத நீங்க பாத்தீங்கன்னு எழுதுங்க."

"பேர மாத்திப் போடுறேன்."

"மாத்துனா அது நான் இல்லையே."

அதனால் மாற்றவில்லை. இதுதான் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைத்தான் முதல் வரியிலிருந்து உங்களிடம் மறைத்து வைத்திருக்கிறேன். நான் கேட்டேன், "இது வெளியில வந்தா நிஷாந்தி வேல என்னாகிறது?" அவள் செருப்பைச் சுவரோரம் ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டு, கதவில் கை வைத்தபடி திரும்பினாள்.

"நான் நல்லபடியா வெளிய வந்தா அழிச்சிருங்கக்கா. ஒரு எழுத்து இருக்கக் கூடாது. வரலன்னா மட்டும் பேப்பருக்கு அனுப்புங்க."

நடந்துதான் உள்ளே போனாள். நான் பார்த்தேன்.

செருப்பு இன்னும் சுவரோரம் இருக்கிறது. உள்ளே யாரோ வேகமாகப் பேசுகிறார்கள். என்னவென்று விளங்கவில்லை. முடிவு என் கையில் இல்லை. நான் எழுதிய கதைகளில், யாரும் படிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்கிற முதல் கதை இது.

இதைப் படிக்க நீங்கள் இருக்கிறீர்களா என்று எனக்கு இன்னும் தெரியாது.